பேர் கேட்ட ஜெபம்

எனக்கு இன்றைக்கும் ஜன்னல் திறந்து கிடந்தால் ஆகாது. எது உள்ளே வரும், எது வெளியே போகும் என்று மனசு அடித்துக்கொண்டே இருக்கும். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவள் உளறுகிறாள் என்று தள்ளிவிட வேண்டாம். நான் சிறுமியாக இருந்தபோது, மலைமேல் இருக்கும் எங்கள் நாயுடுபுரத்து வீட்டில் ஒரு மதியம் எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்துத்தான் என் சித்தப்பாவுக்காக ஜெபம் செய்தார்கள்.

சித்தப்பா ஒரு ஹோட்டலில் கேக் போடுகிறவர். அவருக்குப் பாலசமுத்திரத்தில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணோடு வாழ என்னால் ஆகாது, என் மனசு ஆண்பிள்ளை மேல்தான் போகிறது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். அது எங்கிருந்து வந்தது என்பதில்தான் வீட்டில் சண்டை. ஹோட்டல் சகவாசம் என்றாள் அம்மா. சோலைக்காட்டு வழியில் ஏதோ ஆவி பிடித்துக்கொண்டது என்றார் அப்பா. அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஏலே, தொட்டில்ல கெடக்கும்போதே அவன் இப்படித்தான். ஆவி வந்துதான் தொட்டில ஆட்டுச்சாக்கும்? கர்த்தர் படைச்சத நீ திருத்தப் போறியோ?”

“அவரு இப்படிப் படைக்க மாட்டாருக்கா,” என்றார் அப்பா. ஆவி போனால் கல்யாணம், போகாவிட்டால் சித்தப்பாவுக்கு இந்த வீடு இல்லை என்று முடிவாயிற்று.

ஒருவனை விட்டு ஓடிய ஆவிகள் பன்றிக்குள் புகுந்த கதை வேதத்தில் இருக்கிறதல்லவா, அதனால் ஜெபத்துக்கு முன்பே கோழிகளைப் பக்கத்து வீட்டுக்கு ஓட்டிவிட்டார்கள். மன்னவனூரிலிருந்து சித்தப்பா எனக்கு வாங்கிவந்த முயலை மறந்துவிட்டார்கள். அதை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன். என்னையும் மறந்துவிட்டார்கள்.

ஜெபம் ஓங்கியது. ஜன்னல் வழியாக எதுவும் வெளியே போகவில்லை. மேகம்தான் உள்ளே வந்தது. எதிர்ச்சுவர்ச் சிலுவை மங்கியது.

ஆவி போகுமுன் தன் பேரைச் சொல்லியாக வேண்டும், எங்கள் சபையில் அதுதான் வழக்கம். வேறு குரலில் அலறுகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஜெபம் நடத்த வந்திருந்த ஊழியக்காரர் சித்தப்பாவின் தலையில் கை வைத்தார்.

“உள்ள இருக்கிறது யாரு? பேரச் சொல்லு!”

சித்தப்பா அலறவில்லை. அடுப்பு சூடாகிவிட்டதா என்று கேட்டால் பதில் சொல்வாரே, அந்தக் குரலில், ஞானஸ்நானத்தில் தனக்கு வைத்த பேரைச் சொன்னார்.

உள்ளே இருப்பதற்கும் அதே பேரா?

“ஏமாத்துது! உண்மையச் சொல்லு!” என்றார் ஊழியக்காரர்.

மறுபடியும் அதே பேர். அப்பா அழத் தொடங்கினார். “போயிருச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுடா தம்பி. அது போதும்டா.”

“போறதுக்கு உள்ள வேற யாரும் இல்லண்ணே.”

“வெளியே போ!” என்று ஊழியக்காரர் ஜன்னலைக் காட்டிக் கத்தினார். சித்தப்பா எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசல் வழியாகப் போனார்.

ஜன்னலுக்கு ஓடினேன். மேகத்துக்குள் அவர் முதுகு மட்டும் தெரிந்தது. கூப்பிட வாயெடுத்தேன். திரும்பிப் பார்ப்பது அவராக இருக்குமா, அதே பேருள்ள மற்றதாக இருக்குமா? கூப்பிடாமல் முயலை ஸ்வெட்டரோடு இறுக்கிக்கொண்டேன். பிறகு முதுகும் தெரியவில்லை.

அதற்கப்புறம் வெகுநாள் முயலின் கண்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பாட்டுக்குக் கேரட் தின்றது. எங்கள் வீட்டைவிட்டு அன்றைக்குப் போனது ஓர் ஆள் மட்டும்தான் என்று விளங்க எனக்கு வயது போதவில்லை.