நான் போட்ட ஓட்டையும் மூன்றரை மணி மினி பஸ்ஸும்

மைதாப் பசை புளித்துக் காய்கிற வாசம்... அதன் மேல் குச்சி மருந்தின் நெடி. இடைசெவல் பக்கம் இருந்த அந்தத் தீப்பெட்டி ஆபீஸை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் மூக்குதான் எரிகிறது. ஃபேக்டரி என்று எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை. ஆபீஸ்தான்.

அந்த நெடிக்கு நடுவே, பலகை வைத்துத் தடுத்த ஓர் அறையில் ஒரு கம்ப்யூட்டர். பக்கத்தில் வெள்ளை ரூட்டர், அதில் துடிக்கிற பச்சை விளக்குகள். பிராட்பேண்ட் வந்த புதிது. நான் டிப்ளமோ முடித்துவிட்டு, கோவில்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

தீப்பெட்டி லேபிள் டிசைன் அந்த அறையில்தான் உருவாகும். முதலாளி இருப்பதோ டவுன் ஆபீஸில். அவர் பார்த்துச் சரி சொன்னால்தான் பிரஸ்ஸுக்குப் போகும். அதனால் டிசைனை சீடியில் போட்டு மினி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்கள். புது லேபிள் வெளியே கசிந்தால் வேறொருவன் அதே படத்தைப் போட்டு வடக்கே சரக்கை முதலில் இறக்கிவிடுவான். அந்தப் படம் பஸ்ஸில், கண்டக்டரின் பைக்குள், ஆட்டுக்குட்டிகளோடு பயணம் செய்துகொண்டிருந்தது!

முதலாளியே ஒருநாள் கேட்டார். "தம்பி, பஸ்ஸுல விடாம, ஒருத்தன் கண்ணுலயும் படாம, இங்கன இருந்தே எடுக்க வழி இருக்கா?"

இருந்தது. ரூட்டருக்குப் பின்னால் இருக்கிற கம்ப்யூட்டரை வெளியிலிருந்து யாரும் தொட முடியாது. ரூட்டரில் ஒரே ஒரு போர்ட்டை, ஒரு சின்ன வாசல் மாதிரி, திறந்து, அதை அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் திருப்பிவிட்டேன். பாஸ்வேர்ட் போட்டு நுழைகிற வழியை அடைத்தேன். டவுன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் நான் வைத்த கீ ஃபைல் இருந்தால் மட்டும் திறக்கும். நடுவழியில் எவன் பிடித்தாலும் அவனுக்குக் கிடைப்பது வெறும் குப்பை. நான்கு நாள், சோறு தண்ணி இல்லாமல் செய்தேன்.

முதல் ஃபைல் டவுன் ஆபீஸுக்கு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. குடை பிடித்த முயல், சிவப்புக் குடை. முழுசாக வந்ததும் முதலாளி என் முதுகில் தட்டினார்.

சரியாக ஒரு மாதம். அதே முயல் வேறொரு கம்பெனி பெட்டியில் வந்துவிட்டது. குடை மட்டும் நீலம்.

முதலாளி ஆள் அனுப்பினார். டவுன் ஆபீஸில் போய் நின்றேன். தீப்பெட்டி ஆபீஸ் மேனேஜர் வேலுச்சாமி அண்ணாச்சியும் அங்கே இருந்தார். அவர்தான் ஆரம்பித்தார்.

"ரூட்டர்ல ஓட்டை போட்டது யாரு?"

"நான்தான் அண்ணாச்சி. ஆனா அது வழியா..."

"ஓட்டை போட்டா வெளிய போகாம என்ன செய்யும்?"

யார் எப்போது வந்து போனார்கள் என்று பதிவாகிற லாக் ஃபைலை பிரிண்ட் எடுத்து முன்னால் வைத்தேன். உள்ளே வந்தது ஒரே கீ, முதலாளியின் சொந்தக் கம்ப்யூட்டர். வெளியாள் இரண்டு பேர் தட்டிப் பார்த்து, கீ இல்லாமல் திரும்பியதும் அதில் இருந்தது. மறைக்காமல் அதையும் காட்டினேன். என் தப்பு.

"அப்ப வந்திருக்கானுவல்லா!"

"வந்தான், உள்ள நுழையல அண்ணாச்சி."

"வந்தான்னு நீயே சொல்லுதியேல!"

இந்த மாதிரி ஆளிடம் என்னத்தைப் பேசுவது? தலையெல்லாம் எரிய மினி பஸ்ஸில் ஏறினேன், தீப்பெட்டி ஆபீஸ் கம்ப்யூட்டரையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே கேட்டார்.

"என்ன தம்பி, ஒங்க சீடி ரெண்டு நாளா வரலயே?"

"எந்த சீடி? அதான் நிறுத்தியாச்சே?"

"மூணர ட்ரிப்புல வருமே. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில வச்சிருவேன். யாராவது வந்து எடுத்துக்கிடுவாவ."

யாராவது!

அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்து முதலாளியிடம் சொன்னேன். வேலுச்சாமி அண்ணாச்சி கொஞ்சமும் அசரவில்லை.

"எதுக்கும் இருக்கட்டும்னு விட்டேன் மொதலாளி. இவரு கம்பியில ஒரு படம் வர முக்கா மணி நேரம் ஆவுது. பஸ்ஸு இருவது நிமிசத்துல வந்துருதுல்லா."

"கவர் மேல மார்க்கர்ல 'புது லேபிள்'னு எழுதி விட்டதும் எதுக்கும் இருக்கட்டும்னுதானா அண்ணாச்சி?" என்று கேட்டேன். அதையும் கண்டக்டர்தான் சொல்லியிருந்தார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏலே, அவரு இருவது வருசமா எங்கூட இருக்காரு. நீ நேத்து வந்த பய. மொதல்ல ஓட்டைய அடை."

சீடியை எடுத்தது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டீக்கடையில் கை மாறியது என்று என்னால் நிரூபிக்கவும் முடியாது. என் வழியில் போகவில்லை என்று மட்டும் நிரூபிக்க முடியும். நிரூபித்தேன். யாரும் படிக்கவில்லை.

போர்ட்டை என் கையாலேயே மூட வைத்தார்கள். மறுநாள் மூன்றரை ட்ரிப்பில் சீடி போனது.

அதற்கப்புறம் ஊரில் எந்த ஆபீஸிலும் என்னைக் கம்ப்யூட்டர் தொட விடவில்லை. "அந்தப் பையனா? வேற ஆள அனுப்புங்க" என்று கடைக்கு போன் வரும். கடைக்காரரும் எத்தனை நாள்தான் தாங்குவார்... மெட்ராஸுக்கு பஸ் ஏறினேன்.

இன்றைக்கு எங்கெங்கோ இருக்கிற நூற்றுக்கணக்கான சர்வர்கள் என் பொறுப்பில். ஏதாவது நடந்தால் முதல் கேள்வியே "லாக் எங்கே?" என்பதுதான். நான் சொல்வதை நம்புகிறார்கள். அன்றைக்கு முக்கால் மணி நேரம் வந்த ஃபைல் இப்போது கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடுகிறது. ஆனால் டவுன் ஆபீஸ் ரூட்டரின் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சதவீதமாக எண்ணிக்கொண்டு, முயலுக்காகக் காத்திருந்தேனே... அந்த மாதிரி ஒரு சந்தோஷம் அப்புறம் எந்த வேலையிலும் வரவில்லை. அதையும் சேர்த்துத்தான் கெடுத்தார்கள்.

போன மாதம் கயத்தாறில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை வேலுச்சாமி அண்ணாச்சி. தலை முழுக்க வெள்ளை.

"தம்பி, இப்பவும் கம்ப்யூட்டர் வேலதானா?"

"ஆமா அண்ணாச்சி."

"நல்லது, நல்லது..." என்றவர், இலை ஓரத்தில் வைத்திருந்த போனை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். பாயசம் வருகிறவரை இடது கையை அந்தப் பையின் மேலிருந்து எடுக்கவே இல்லை.