சேற்றில் நின்ற சந்திரமதி

சந்திரமதிக்கு ஓர் இடத்தில் நிற்கத் தெரியாது. மலேசியாவின் குளுவாங்கில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவள். சிவப்பு விளக்கில்கூட அவள் விரல்கள் ஸ்டீரிங்கில் தாளம் போடும். பறவை பார்க்கப் போனாலும் இதே கதைதான். "இன்னும் கொஞ்சம் கிட்டப் போலாம்" என்று ஓரடி எடுத்து வைப்பாள். மொத்தக் கூட்டமும் எழும்பிப் பறந்துவிடும்.

கடலோரப் பறவைகள் சிலவற்றின் காலில் ஆய்வாளர்கள் எழுத்துப் பொறித்த பட்டை மாட்டிவிடுவார்கள். அதைப் படித்தால் பறவை எங்கிருந்து வந்ததென்று தெரியும். கூடவே வரும் தோழி மிஷேல் நாலைந்து பட்டைகளைப் படித்துவிட்டாள். சந்திரமதிக்கு இதுவரை ஒன்றுகூட வாய்க்கவில்லை.

மார்ச் மாதத்து சனிக்கிழமை ஒன்றில் இருவரும் பத்து பகாட் ஊரின் கடலோரப் பக்கம் போனார்கள். கடல்நீர் ஏறும்போது பறவைகள் அங்கே தண்ணீர் வடித்த இறால் குளங்களில் வந்து ஒதுங்கும். அதற்குள் நல்ல இடம் பிடிக்கலாமென்று கரையிலிருந்து இறங்கிய சந்திரமதி, முழங்கால்வரை புதைந்தாள்.

"அலமாக்! மிஷேல், கால் வரமாட்டேங்குது லா!"

"அசையாதீங்கக்கா, இன்னும் உள்ள போயிடும். பலகை ஏதாச்சும் இருக்கான்னு பார்த்துட்டு வரேன்."

மிஷேல் அந்தப் பக்கம் ஓட, இந்தப் பக்கம் பறவைகள் இறங்கின. நூற்றுக்கணக்கில். சந்திரமதி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கழுத்தில் கொசு கடித்தது, கடிக்கட்டும். வளைமூக்கு உள்ளான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. நெஞ்சில் செம்மண் நிறம் ஏறத் தொடங்கியிருந்தது. இறகுக்குள் மடக்கிய காலில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது.

'காலைக் கீழே விடு ராஜாத்தி' என்று மனத்துக்குள் கெஞ்சினாள்.

பலகையோடு வந்த மிஷேலை, கையை மெல்லத் தாழ்த்திக் காட்டி நிறுத்தினாள். மிஷேல் கரையிலேயே வாயைப் பிளந்து நின்றாள். வழக்கமாக அசையாதே என்று அடக்குகிறவள் மிஷேல்தான்; இன்றைக்கு யார் யாரை அடக்குவது!

பறவை சோம்பல் முறித்தது. கால் இறங்கியது. பட்டையில் மூன்று எழுத்து. உதடு அசையாமல் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள்.

"படிச்சிட்டேண்டி!"

அவள் போட்ட கூச்சலில் குளமே எழும்பிப் பறந்தது. போனால் போகட்டும்.

பலகை போட்டு இழுத்ததில் காலணி ஒன்று சேற்றோடு போயிற்று. ஒற்றைக் காலணியோடு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, அவள் எழுத்துகளை அனுப்பிக் கேட்டிருந்த பறவைக் குழுவின் கனகராஜ் போனில் கூப்பிட்டார்.

"அது ஆஸ்திரேலியாவில பட்டை போட்ட பறவைம்மா. அதுக்கப்புறம் அதை யாருமே பார்க்கல. நீங்கதான் முதல் ஆள்."

சந்திரமதி எழுந்துவிட்டாள். நாசி லெமாக் சோற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த கடைக்கார மலாய் மாச்சிக்கிடம் போய், சேறு காய்ந்த காலை ஊன்றி நின்று, நடந்ததை முதலிலிருந்து மலாயில் சொல்லத் தொடங்கினாள்.