ஏணிக்கு ஏற்ற கார்

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவருக்கு ஏணி என்று பெயர். நேரில் ஏணி சார், ஆள் அந்தப் பக்கம் போனதும் வெறும் ஏணி. ஆறடி ஐந்து அங்குலம் வளர்ந்துவிட்ட மனிதருக்கு அம்மா அப்பா வைத்த பெயரை யார் ஞாபகம் வைத்துக்கொள்ளப் போகிறார்கள்? வாசல்களில் குனிந்து, பஸ்ஸில் குனிந்து, கண்ணாடி முன்னால் குனிந்து தலை வாரி, ரொம்பப் பணிவானவர் என்று நல்ல பெயர் வாங்கியிருந்தார். அதில் பாதியை வாங்கிக் கொடுத்தது தாழ்வான வாசல்கள்தான்.

வேலை ஒரே அறையில். வருகிறவரின் உயரத்துக்குப் பலகையை ஏற்றி இறக்க வேண்டும். தாடையை மேலே வைத்து, தோளை முன்னால் தள்ளிவிட்டு, ஈயத்தடுப்புக்குப் பின்னால் போய் நின்று, “மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க,” என்பார். பொத்தானை அமுக்கியதும், “விடலாம்.” ஒரு நாளில் அவர் வாயிலிருந்து வரும் பேச்சு ஏறக்குறைய இவ்வளவுதான். சாயங்காலம் மூன்றாம் மாடியில் இருக்கும் வீட்டுக்குப் போவார். அடுப்பு மேடை அவர் தொடைக்கு இருக்கும். கட்டிலுக்கு வெளியே நீளும் கால்களுக்காக ஒரு ஸ்டூல் போட்டு, அதன் மேல் தலையணை வைத்திருந்தார். வீட்டில் விருந்தாளிக்கு என்று இருந்த ஒரே தலையணை அதுதான்.

மனைவியோடு பெரிய சண்டை என்று சொல்ல ஒன்றும் இல்லை. பேச்சு குறைந்துகொண்டே வந்தது, ஒரு கட்டத்தில் நின்றுபோனது. ஏழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு மனைவி ரயிலில் ஒரு பகல் தூரத்தில் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் பார்த்துக்கொண்டது எல்லாம் ஓட்டல் மேஜைகளில்.

“நல்லா இருக்கியா குட்டி?”

“நல்லா இருக்கேம்பா.”

“படிப்பு?”

“போகுது.”

“சாப்பிடும்மா, ஆறிடும்.”

பதினேழு வருஷமாக இதே பேச்சுதான், படிப்பு என்ற இடத்தில் வேலை என்று மாறியதைத் தவிர. அவள் எதிரே மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பாள். விடலாம் என்று சொல்லத்தான் இவருக்குத் தெரியவில்லை. ஒரு விஷயம் அவளிடம் கேட்க வேண்டும் என்று மனசுக்குள் வெகு நாளாக அரித்துக்கொண்டிருந்தது. ‘ஒரு வாரம் வந்து என்கூட இருக்கிறியா?’ அவ்வளவுதான் கேள்வி. ஏழு வயசுக்குப் பிறகு அவள் அவர் வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தூங்கியதில்லை. மேஜைக்கு எதிரே அந்த முகத்தைப் பார்த்ததும் கேள்வி வயிற்றுக்குள் இறங்கிவிடும்.

ஒரு மழை நாளில் பெரிய டாக்டர் அவரைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். இரண்டு வார்த்தைக்கு மேல் பேசினால் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்று சந்தேகப்படும்படியான டாக்டர் அவர். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடியே, தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போன கதை முழுவதையும் சொன்னார். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் இருக்க, ஏணியும் தன் மகளைப் பற்றிச் சொன்னார். இறங்கும்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இருவரும் எதிரே பார்த்துக்கொண்டு போனால் வாய் தானாகத் திறக்கிறது.

அதற்கு ஒரு சாதாரணக் கார் போதாதா என்றால், போதும்தான். ஆனால் ஆசை என்று ஒன்று இருக்கிறதே. இருபது வயதில் ஒரு கார் கம்பெனிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு பார்த்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் அவர் மனசை விட்டுப் போகவே இல்லை. ஓட்டுகிறவர் ஒருவர், கூட வருகிறவர் ஒருவர். பையைக்கூடப் பின்னால் போட முடியாது. அப்பாவுக்கும் மகளுக்கும் அப்படி ஒரு வண்டிதான் சரி என்று முடிவு கட்டிவிட்டார்.

“ஏணி சார், அதுல உங்களை மடிச்சுல்ல வைக்கணும்?” என்றார் நர்ஸம்மா.

பழைய கார் தரகர் ஒருவர் மாட்டினார். குள்ளமான, உருண்டையான மனிதர். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் பேச்சிலேயே பத்து மைல் ஓட்டிவிடுவார். வாரா வாரம் ஏதாவது ஒரு காரைக் காட்ட அழைத்துப் போனார். முதல் காரில் தலை கூரையில் முட்டியது. கழுத்தைச் சாய்த்துக்கொண்டு ஓட்டிப் பார்த்ததில் ஊரே ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரிந்தது. அடுத்ததில் ஸ்டியரிங் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. வளைவு வந்தால் முதலில் காலைத் திருப்ப வேண்டும், அப்புறம்தான் வண்டி திரும்பும். இன்னொன்றில் உள்ளே போனது போனதுதான், வெளியே எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

“கூரையே இல்லாத வண்டி சார் இது. இனிமே என்ன குறை சொல்வீங்க?” என்று தரகர் ஒரு திறந்த காரைக் காட்டினார். உட்கார்ந்து பார்த்தால் முன்கண்ணாடியின் மேல்சட்டம் கண்ணுக்கு நேராக வந்து நின்றது. மேலே வானம், கீழே கொஞ்சம் ரோடு. எதிரே வருகிறவன் தெரிய வேண்டிய இடத்தில் இரும்பு.

இந்த எல்லாக் கார்களிலும் தரகர் பக்கத்து இருக்கையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, சொந்த வீட்டு சோபாவில் சாய்ந்த மாதிரி சாய்ந்திருந்தார். அந்தப் பக்கத்தைப் பற்றி ஏணிக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

தேட ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆனது. தரகரே நம்பிக்கை இழந்து, “சார், ஒரு வேன் பார்க்கலாமா?” என்று கேட்டுவிட்டார். அந்த நேரத்தில்தான் ஊருக்கு வெளியே ஒரு மெக்கானிக் கொட்டகையில் அந்தக் கரும்பச்சைக் கார் கிடைத்தது. வயசான வண்டிதான்.

“இதை வெச்சிருந்தவரும் உங்க உசரம் சார்,” என்றார் மெக்கானிக். “மெத்தையைப் பிச்சு எடுத்துட்டு, சீட்டைப் பின்னால தள்ளி, நேரா தரையிலயே போல்ட் போட்டுக்கிட்டார். வேற யாரும் இதை ஓட்ட முடியாது. ரோடே தெரியாது. அதான் விக்காமக் கிடக்கு.”

ஏணி உள்ளே உட்கார்ந்தார். தலைக்கு மேல் ஒரு கை நுழைகிற இடம் இருந்தது. கால்கள் நீண்டன, நீண்டுகொண்டே போய், நீள வேண்டிய இடத்தில் பெடல்கள் இருந்தன. எதையும் மடக்கவில்லை, எதையும் சாய்க்கவில்லை. ஐம்பத்திரண்டு வருஷத்தில் இப்படி ஓர் இடத்தில் உட்கார்ந்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை.

“என்ன சார், பிடிக்கலையா?” என்றார் பக்கத்து இருக்கையிலிருந்து தரகர்.

“இருங்க. கொஞ்ச நேரம் இப்படியே இருந்துக்கறேன்.”

கார் வீட்டுக்கு வந்தது. அதற்குப் பிறகு வேலை முடிந்ததும் தனியாக ஊரைச் சுற்றுவார். காலியாக இருக்கும் இருக்கையோடு பேசிப் பழகுவார். “ஸ்கூல்ல உனக்கு யாரு ஃப்ரெண்டு? சைக்கிள் யாரு சொல்லிக்கொடுத்தா? ஒரு வாரம் வந்து என்கூட இருக்கிறியா?” சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் பார்ப்பார்கள், பார்க்கட்டும். மகள் அங்கே உட்கார்ந்து பதில் சொல்வதும் அவருக்குத் தெளிவாகத் தெரியும். அந்த மகளுக்குக் கால் தரையில் எட்டாது. இரண்டு காலையும் ஆட்டிக்கொண்டே பேசுவாள். இதில் ஏதோ இடிக்கிறதே என்று அவருக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

ஒரு நாள் அவளே போன் செய்தாள். “அப்பா, சனிக்கிழமை உங்க ஊர்ல எனக்கு ஒரு பரீட்சை. மத்தியானம் முடிஞ்சுடும். சாயங்காலம் ரயில். பார்க்கலாமா?”

“ஓட்டலுக்கு வேண்டாம்மா. நான் வண்டி கொண்டுவரேன்,” என்றார். குரல் அவருக்கே புதுசாக இருந்தது.

பரீட்சை மண்டபத்துக்கு எதிரே ஏரி. ஏரியைச் சுற்றி அழகான ரோடு. பழகிய கேள்விகளோடு ஏணி காத்திருந்தார். கூட்டம் வெளியே வந்தது. எல்லாத் தலைகளுக்கும் மேலே ஒரு தலை வந்தது. ஆறடி மூன்று அங்குலம், தோளைக் குறுக்கி, கூட்டத்தைத் தொந்தரவு செய்யாமல் நடக்கிற நடை. அது யார் நடை என்று அவருக்குத் தெரியாதா என்ன?

“உங்களுதாப்பா?” காரைப் பார்த்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மேஜைக்கு எதிரே அந்தச் சிரிப்பு ஒருநாளும் வந்ததில்லை.

பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். அவள் தலையை விட்டாள், தோளை விட்டாள், ஒரு காலை விட்டாள். முழங்கால் முன்பலகையில் இடித்து நின்றது. கழுத்தை மடக்கிப் பார்த்தாள். பின்னால் சாயப் பார்த்தாள், இருக்கை அசையவில்லை. எப்படியோ முழுசாக உள்ளே போனபோது கதவு சாத்தவில்லை. இவர் வெளியிலிருந்து தள்ளினார். “அப்பா, கால், கால்,” என்றாள் உள்ளேயிருந்து. இறங்கினாள். மறுபடி முயற்சி செய்தாள். பரீட்சை எழுதிய பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

ஏணி மெக்கானிக்குக்குப் போன் போட்டார். “அந்தப் பக்கத்தையும் இறக்கிக் கொடுக்க முடியுமாங்க?”

“முடியாது சார். அந்தப் பக்கம் தரைக்கு அடியில சைலன்சர் குழாய் போகுது. பெட்ரோல் டேங்கும் அந்த சீட்டுக்குப் பின்னாலதான் இருக்கு. முன்ன வெச்சிருந்தவர் அதைப் பத்திக் கேட்டதே இல்லையே. தனி ஆளு.”

போனை வைத்துவிட்டு ஏணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு வருஷம் தேடிய மனுஷன், ஒரு தடவை எழுந்துபோய் அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கவில்லை. அவமானமாக இருந்தது. அதைவிடத் துக்கமாக இருந்தது.

“விடுங்கப்பா,” என்றாள் மகள். “நான் ஓட்டிப் பார்க்கட்டுமா? ஆபீஸ் வண்டி நான்தான் ஓட்டறேன்.”

சாவியைக் கொடுத்தார். அவள் ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்தாள். கால்கள் உள்ளே போயின, தலை உள்ளே போனது, கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரம் அவள் வண்டியைக் கிளப்பவே இல்லை.

அப்புறம் ஏரியைச் சுற்றி வந்தாள். ஏணி கரையோரமாக நின்றார். ஒரு சுற்று முடிந்ததும் அவர் பக்கத்தில் வந்து நிறுத்தினாள். கூரை தாழ்வு என்பதால் அவருக்கு அவள் முகம் தெரியவில்லை, ஸ்டியரிங் மேல் இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன.

“ஸ்கூல்ல எனக்குக் கடைசி பெஞ்சுதான்பா எப்பவும்,” என்றன அந்தக் கைகள். “பின்னால இருக்கிறவங்களுக்கு மறைக்குதாம்.”

“எனக்கும் அப்படித்தான் குட்டி.”

கார் போனது. அடுத்த சுற்றில், “அம்மா வீட்டுல சமையல் மேடை எனக்குத் தொடைக்கு இருக்கு. பாத்திரம் கழுவினா முதுகு போயிடும்.”

“முழங்காலை மடக்கி நின்னுக்கோ. முதுகை வளைக்காதே.”

அடுத்த சுற்றில், “போட்டோ எடுத்தா எல்லாரும் என்னை உட்காரச் சொல்றாங்க.” அதற்கு இவர் சிரித்தார், அவளும் சிரித்தாள். இப்படியே ஏரி எத்தனையோ தடவை சுற்றி வந்தது. பதினேழு வருஷத்தில் பேசாததை அந்த மத்தியானத்தில், ஜன்னல் வழியாக, துண்டு துண்டாகப் பேசினார்கள். கேள்வி தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. “குட்டி, ஒரு வாரம்...” என்று ஆரம்பித்தார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவள் வண்டியை எடுத்துவிட்டாள். திரும்பி வந்தபோது ரயிலுக்கு நேரமாகியிருந்தது.

“நீ வண்டியை ஸ்டேஷனுக்கு ஓட்டிட்டுப் போ. நான் டாக்ஸி பிடிச்சு வந்துடறேன்,” என்றார். பிளாட்பாரத்தில் நின்று கேட்டுவிடலாம், அங்கே எவனும் ஹாரன் அடிக்க மாட்டான். அவள் பையைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். டாக்ஸி கிடைக்க நேரமாயிற்று. கிடைத்த டாக்ஸி ரயில்வே கேட்டில் போய் நின்றது.

“இந்த கேட் அடைச்சா அவ்வளவுதான் சார்,” என்றார் டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு.

ஒரு சரக்கு ரயில் வந்தது, முடிவே இல்லாமல் போனது. கேட் திறக்கவில்லை. போன் அடித்தது.

“எங்கப்பா இருக்கீங்க? ரயில் கிளம்புது.”

“கேட்டுல மாட்டிக்கிட்டேம்மா.”

“சாவியை முன் டயர் மேல வெச்சிருக்கேன்.” கொஞ்சம் நிறுத்தி, “அப்பா...” என்றாள்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல. போய்ச் சேர்ந்துட்டுப் பேசறேன்.”

இவரும் கேட்கவில்லை. டாக்ஸிக்காரர் காதில் விழும்படி கேட்கிற கேள்வியா அது? கேட் ஏன் இன்னும் திறக்கவில்லை என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. அவளுடைய ரயில்தான் வந்தது. குனிந்தபடியே பெட்டி பெட்டியாகப் பார்த்தார். ஒரு ஜன்னலிலும் அவளைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஸ்டேஷன் வாசலில் கார் ஒழுங்காக நிறுத்தப்பட்டிருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். அவசரத்துக்கு அவரும் ஓட்டுகிற ஆஸ்பத்திரி வேனை வேறு யார் ஓட்டிவிட்டு வைத்தாலும், முதல் வேலையாகப் பின்னால் பார்க்கிற கண்ணாடியை ஏற்றித் திருப்பினால்தான் அவருக்கு ரோடு தெரியும். அந்தப் பழக்கத்தில் கை தானாக மேலே போனது. கண்ணாடியில் பின்னால் இருந்த தெரு முழுவதும் நேராகத் தெரிந்தது. அவள் அதைத் தொடவே இல்லை, தொட வேண்டிய அவசியமே வந்திருக்காது. தன் கண் இருக்கிற உயரத்தில் இன்னும் இரண்டு கண்கள் மத்தியானம் முழுக்க இதே கண்ணாடியைப் பார்த்திருக்கின்றன, இப்போது ரயிலில் போய்க்கொண்டிருக்கின்றன. அதை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் காவலாளி வந்து ஜன்னலைத் தட்டினார். “இங்க ரொம்ப நேரம் நிறுத்தக்கூடாது சார். இன்னும் ஆள் யாராவது வரணுமா?”

“இல்லைங்க,” என்றார் ஏணி. “நான் மட்டும்தான்.” வண்டியைக் கிளப்பினார்.