புருலின் சத்தமில்லாத ரம்பம்

என் ஓரகத்தி புருலைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள், அப்புறம்தான் பதில் சொல்வார்கள். "அந்த ஹெல்மெட்காரியா?" என்பார்கள். ஆப்ரிகாட் மரத்தில் விரல் பருமனுள்ள கிளையை வெட்டுவதானாலும் சரி, முகத்துக்கு வலை வைத்த ஹெல்மெட், தடித்த கால்சட்டை, கையுறை, கனத்த பூட்ஸ் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டுதான் தோட்டத்தில் இறங்குவாள். பக்கத்து வீட்டு சுயூன்பேக் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வம்புக்கு இழுப்பான்.

"என்ன புருல், நிலாவுக்குக் கிளம்பிட்டியா?"

"ஆமா. நீயும் வா, அங்கயே விட்டுட்டு வந்துடறேன்."

நான் மூத்த மருமகள், அவள் இளையவள். ஒரே முற்றத்தில் எதிரெதிராக இரண்டு வீடுகள். மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். மாமனார் காலையில் என் வீட்டில் தேநீர் குடிப்பார், மாலையில் அவள் வீட்டில். ஏரிக்கும் மலைக்கும் நடுவில் எங்கள் தோட்டம் நீளமாகக் கிடக்கிறது. ஆப்ரிகாட், ஆப்பிள், ஓரமாகக் காற்றுக்குத் தடுப்பாகப் பாப்ளார் மரங்கள். அதில் மர வேலை முழுக்கப் புருலுடையது. என்னை அதில் சேர்க்காதீர்கள், எனக்கு மாடும் ரொட்டி அடுப்பும் போதும்.

முன்பு வீட்டில் மாமனாரின் பழைய பெட்ரோல் ரம்பம்தான் இருந்தது. அதைக் கிளப்பக் கயிற்றை இழுத்து இழுத்து அவள் தோள் பிசகிப்போயிற்று. அவள் புருஷன் தாலந்த் லாரி ஓட்டுபவன். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வரும்போது ஒரு பேட்டரி ரம்பம் வாங்கி வந்தான். மாமனார் அதை வாங்கிப் புரட்டினார், மூக்கருகில் வைத்து மோந்தார், பெட்ரோல் வாசனை இல்லாததால் முகத்தைச் சுளித்தார்.

"இது ரம்பமா, மாவு பிசையிற மிஷினா? சத்தமே இல்லையே."

"சத்தம் வருது மாமா. உங்களுக்குத்தான் கேக்கல."

அவளுக்கு வாய் நீளம். நானாக இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு தேநீர் ஊற்றியிருப்பேன். ஆனால் அவள் சொன்னது உண்மை. மாமனார் வாலிபத்திலிருந்து மலைச்சரிவில் மரம் அறுத்தவர். பெட்ரோல் ரம்பத்தின் இரைச்சல் அவர் காதுகளைத் தின்றுவிட்டது. அப்படியும் அந்த ரம்பம் ஓடினால் நெஞ்சுக்குள் அதிர்வதை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார். இந்தப் புது ரம்பம் நெஞ்சிலும் அதிரவில்லை. அவரைப் பொறுத்தவரை அது எப்போதுமே ஓடாத ரம்பம். புருல் மரத்தடியில் குனிந்து வேலையில் இருப்பாள், இவர் பாட்டுக்கு வந்து பின்னால் நின்று, "அந்தக் கிளைய ஏன் விட்டே?" என்பார். அவள் பதறிப்போய் விசையிலிருந்து விரலை எடுப்பாள்.

"பெட்ரோல் ரம்பம் நாய் மாதிரி அக்கா," என்பாள் என்னிடம். "உறுமிக்கிட்டே இருக்கும், யாரும் கிட்ட வர மாட்டாங்க. இது பூனை. தூங்குற மாதிரியே இருக்கும், விசையில விரல் பட்டாப் போதும், பாஞ்சிடும்."

அதனால்தான் அவளுக்கு அத்தனை கெடுபிடி. சங்கிலியைத் தொடுவதானால் முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். இன்னொரு மரத்துக்கு நடப்பதானாலும் கழற்ற வேண்டும். ரம்பத்தின் மூக்கு நுனி மரத்தில் பட்டால் முகத்துக்கு எகிறும் என்பதால் நுனியால் வெட்ட மாட்டாள். தோளுக்கு மேலே தூக்க மாட்டாள், ஒரு கையால் பிடிக்க மாட்டாள், ஏணி மேல் நின்று சத்தியமாக வெட்ட மாட்டாள். குளிரில் பேட்டரி சோர்ந்துவிடும் என்று மாற்றுப் பேட்டரியைக் கோட்டுக்குள் மார்போடு வைத்துக்கொள்வாள். தெருப் பெண்கள் விடுவார்களா? "புருல், அதுக்குப் பாலும் குடுக்கிறியா?" என்று கேட்பார்கள். "உன் புருஷன விட நல்லா உழைக்குது, குடுத்தா என்ன?" என்று திருப்பிக் கொடுப்பாள்.

மரம் சாய்க்கும் நாளில் இன்னொரு சட்டமும் உண்டு. மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு பங்கு தள்ளி, சுற்றிலும் சிவப்புத் தலைத்துணிகளை முடிச்சுப் போட்டுக் கட்டுவாள். பேட்டரியைக் கழற்றிக் கையில் தூக்கிக் காட்டும்வரை அந்தத் துணியைத் தாண்டி ஒருவரும் உள்ளே வரக் கூடாது. எல்லாரும் கேட்டார்கள். மாமனார் மட்டும் கேட்கவில்லை.

"நான் அறுத்த மரத்துக்குக் கணக்கே கிடையாது. எனக்கே துணி கட்டுறியா சின்னவளே?"

சரி, வந்தால் கூப்பிட்டு நிறுத்தலாமே என்று நினைப்பீர்கள். அங்கேதான் சிக்கல். "மாமா" என்று தொண்டை கிழியக் கத்தினாலும் அவர் திரும்ப மாட்டார். மகன்கள் "அப்பா" என்று கத்தினாலும் அதே கதைதான். அவர் தலை திரும்புவது ஒன்றுக்குத்தான், அவருடைய பெயருக்கு. அது காட்டில் பழகிய பழக்கம். அங்கே மரம் சாயும்போது "ஓடு", "ஒதுங்கு" என்றெல்லாம் கத்த மாட்டார்களாம். யார் தலைக்கு மேல் மரம் வருகிறதோ அவன் பெயரை மட்டும் கத்துவார்கள். இரைச்சலுக்கு நடுவே மனுஷன் காதில் ஏறுவது அவன் பெயர் ஒன்றுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். அவரும் அவர் கூட்டாளி கச்கினும் அப்படித்தான் ஒருவரை ஒருவர் காப்பாற்றி வந்தார்கள். கிழவராகி வீட்டோடு இருந்தபோதும் கச்கின் தெருக்கோடியில் நின்று பெயரைச் சொல்லி ஒரு குரல் கொடுத்தால், இவர் தேநீர்க் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து போவார். கச்கின் போன குளிர்காலத்தில் இறந்துபோனார். அதற்குப் பிறகு எங்கள் மாமனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட இந்த ஊரில் ஆள் இல்லை. மகன்கள் சொல்லக் கூடாது. மருமகள்கள் நாங்கள் கனவில்கூடச் சொல்லக் கூடாது. பிஷ்கெக்கில் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். எங்கள் வீடு அப்படிப்பட்ட வீடு. அவர் பெயருக்குள் ஒரு உலோகத்தின் பெயர் இருக்கிறது. அதற்காக நானும் புருலும் அந்த உலோகத்தில் செய்த ஆணியைக்கூட "கெட்டியானது" என்றுதான் சொல்வோம். கடைக்காரருக்கு அது பழகிவிட்டது.

இத்தனை வாய் பேசும் புருல் இதில் மட்டும் என்னைவிடக் கண்டிப்பு. ஒருமுறை மாட்டுக் கொட்டகையில் என்னிடம் வாய்விட்டுச் சொன்னாள்.

"அக்கா, ஒரு நாள் மரம் சாயுறப்ப அவரு அடியில வந்து நிப்பாரு. நான் மாமா மாமான்னு கத்துவேன். அவருக்குக் கேக்காது. என் கையாலயே அவரு போயிடுவாரு."

"சீ, வாயக் கழுவு," என்றேன்.

அந்த நாள் இலையுதிர்காலத்தில் வந்தது. மலையில் பனி இறங்கியிருந்தது. வைக்கோல் கொட்டகையை ஒட்டி நின்ற பாப்ளார் ஒன்று பூச்சி அரித்துக் காய்ந்துவிட்டது. குளிர்காலக் காற்றில் அது கொட்டகை மேல் விழுவதற்குள் நாமே தோட்டப் பக்கமாகச் சாய்த்துவிட வேண்டும் என்றாள் புருல். எங்கள் புருஷன்மார் இருவரும் கரகோல் கால்நடைச் சந்தைக்குப் போயிருந்தார்கள். ஏரிக்காற்று எழும்புவதற்குள் முடிக்க வேண்டும் என்று விடிந்ததுமே கிளம்பிவிட்டாள். என் வீட்டில் சாப்பாட்டுக்கு விரித்து வைத்த துணியில் என் புது ரொட்டி சுடச்சுட இருந்தது. என்னைக் கூப்பிட வந்தவள் அதை ஒரு துண்டு பிட்டு வாயில் போடாமலே வாசல் தாண்டிவிட்டாள். வீட்டில் ரொட்டி இருக்க, அதை வாயில் வைக்காமல் யாரும் படியிறங்கக் கூடாது. வழி கேட்க வந்தவனைக்கூட நாங்கள் அப்படி விட மாட்டோம். மாமனார் ஜன்னல் வழியாக அவள் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

புருல் துணி கட்டி முடித்தாள். நான் வெளியே காவல். மரம் விழ வேண்டிய பக்கம் ஆப்பு வடிவில் ஒரு வாய் வெட்டினாள். பிறகு பின்பக்கம் போய் அறுக்க ஆரம்பித்தாள். முழுக்க அறுக்க மாட்டாள், நடுவில் கொஞ்சம் மரத்தைக் கீல் மாதிரி விட்டுவைப்பாள். அந்தக் கீலில்தான் மரம் மடிந்து சொன்ன பக்கம் விழும். அவள் கீலை நெருங்கும்போது குளிர் தன் வேலையைக் காட்டியது. பேட்டரி செத்துவிட்டது. அவள் ரம்பத்தை உருவி, சங்கிலியை நிறுத்தும் பிரேக்கைத் தள்ளி, மரத்துக்குப் பின்னால் சாய்வாகத் தள்ளிப் போய், பேட்டரி மாற்றக் குனிந்தாள். இதையும் முறைப்படிதான் செய்தாள்.

அதே நேரம் எங்கள் கன்று அந்தப் பக்கமாகத் துணிக்கு அடியில் நுழையப் பார்த்தது. அதை விரட்ட ஓடினேன். திரும்பிப் பார்க்கிறேன், இந்தப் பக்கமாகத் துணியைத் தூக்கிக்கொண்டு மாமனார் உள்ளே வந்துகொண்டிருக்கிறார். கையில் ரொட்டி. அவர் பார்த்ததெல்லாம் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்திருக்கும் மருமகளைத்தான். பின்பக்கம் இன்னும் அறுக்க ஆரம்பிக்கவில்லை, அதற்குள் ஒரு வாய் சாப்பிடட்டும் என்று வந்துவிட்டார். மரம் விழப் போகும் பாதையில் நேராக நடந்தார்.

"மாமா!" என்று கத்தினேன். புருலும் நிமிர்ந்து, "மாமா! மாமா!" என்று கத்தினாள். அவர் நடந்தார். ஏரியிலிருந்து காற்று எழும்பியது. பாப்ளாரின் உச்சி ஒருமுறை ஆடியது, அடியில் சடசடவென்று முறியும் சத்தம் எனக்கே கேட்டது. எங்கள் இரண்டு பேரில் யார் ஓடினாலும் அவரை எட்டிப் பிடிக்க முடியாது.

புருல் அவர் பெயரைக் கத்தினாள்.

மரியாதை வார்த்தை எதுவும் சேர்க்கவில்லை. மொட்டையாக, அடிவயிற்றிலிருந்து, கச்கின் கத்துவதுபோல. என்ன பெயர் என்று இங்கே எழுத மாட்டேன், இப்போது யார் தலைக்கு மேலும் மரம் சாயவில்லை.

அவர் நின்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலையை மட்டும் அண்ணாந்து மேலே பார்த்தார், பார்த்த கையோடு பக்கவாட்டில் துள்ளினார். மூட்டு வலி என்று தினமும் என் உயிரை எடுக்கும் அதே மனுஷன்தான். மரம் விழுந்தது. உச்சிக் கிளை ஒன்று அவர் தொப்பியைத் தட்டிக்கொண்டு போயிற்று. தூசி அடங்கியபோது தொப்பி இல்லாத வழுக்கைத் தலையோடு ரொட்டியை நெஞ்சில் அணைத்தபடி நின்றார்.

நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். புருல் ரம்பமும் கையுமாக நின்றாள். அவர் கிளைகளைச் சுற்றிக்கொண்டு அவளிடம் போனார்.

"முதல்ல பேட்டரியக் கழட்டு," என்றார்.

கழற்றினாள். அவர் ரொட்டியைப் பிட்டு நீட்டினார். "இதை வாயில வை. ரொட்டி தொடாம எறங்கினா இப்பிடித்தான் ஆகும்." அவள் வாயில் வைத்தாள், மென்றுகொண்டே அழுதாள்.

"மன்னிச்சிடுங்க மாமா. எனக்கு வேற வழி தெரியல."

"என்ன சொல்றே? சத்தமாச் சொல்லு."

"உங்க பேரைச் சொல்லிட்டேன்!"

அவர் விழுந்த மரத்தைப் பார்த்தார். "கச்கின் கூப்பிட்டான்னு நெனைச்சேன்," என்றார். பிறகு கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, "இங்க பாரு சின்னவளே. வீட்டுல நான் உனக்கு மாமா. இந்தச் சிவப்புத் துணிக்கிட்ட நான் மரவெட்டி, நீயும் மரவெட்டி. கூப்பிட வேண்டியதைச் சொல்லிக் கூப்பிடு" என்றார்.

ஊர் சும்மா இருக்குமா? மாமனார் பெயரைக் கத்துகிற மருமகள் என்று தண்ணீர்க் குழாயடியில் வாரக்கணக்கில் மென்றார்கள். சுயூன்பேக்கின் அம்மா மாமனாரிடமே வந்து வருத்தப்பட்டாள். "ஆமா, கத்தினா. அதான் உன் முன்னால உக்காந்து தேநீர் குடிக்கிறேன்," என்றார் அவர்.

இப்போதெல்லாம் துணிக்கு வெளியே காவல் நிற்பது அவர்தான். ஒரு கன்றுகூட உள்ளே போக முடியாது. புருல் வேலை முடித்து, பேட்டரியைக் கழற்றி, கையை உயர்த்திக் காட்டி, பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். அவர் ஏரியைப் பார்த்தபடி அசையாமல் நிற்பார். அவள் மறுபடியும் கூப்பிட்ட பிறகுதான் திரும்புவார். நேற்று எனக்குக் கவலையாகிவிட்டது.

"என்னடி புருல், பேரும் இப்ப அவருக்குக் கேக்காமப் போச்சா?"

அவள் சங்கிலியிலிருந்த மரத்தூளைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"முதத் தடவையே கேக்குது அக்கா. இன்னொரு தடவை கூப்பிடட்டும்னு நிக்கிறாரு."