நெடுமாறன் பேரில் கலியன் தின்ற மாத்திரை

கலியன் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பக்கத்து ஊரான வடக்குத்துக்காரர். சுரங்கத்துக் கன்வேயர் பெல்ட்டில் பத்தொன்பது வருடமாகக் காண்டிராக்ட் வேலை. ஷிப்டுக்கு ஷிப்டு சாப்பாட்டு நேரம் மாறியதில், அவருக்கு பர்மனன்ட் ஆனது நெஞ்செரிச்சல் ஒன்றுதான்.

அதற்கு மருந்து தேடித் தந்தவர் அதே பெல்ட்டில் போர்மேனாக இருந்த நெடுமாறன். அவர் பர்மனன்ட், குவார்ட்டர்ஸ், மெடிக்கல் புத்தகம் எல்லாம் உண்டு. கம்பெனி ஆஸ்பத்திரியில் தனக்கே நெஞ்செரிச்சல் என்று சொல்லி எழுதி வாங்கி, மாதாமாதம் மாத்திரையைக் கலியன் கையில் திணிப்பார். பதினோரு வருடம். பதிலுக்கு ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. நல்ல மனிதர், வில்லங்கம் அங்கேதான் ஆரம்பித்தது.

போன வருடம் கலியனுக்கு இரைப்பையில் புற்றுநோய் என்றார்கள். அந்த மாத்திரையே காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகத்தில், தயாரித்தவர்கள்மேல் பலர் நஷ்டஈட்டு வழக்குப் போடுவதாகக் கேள்விப்பட்டு, கடலூருக்குப் பஸ் ஏறினார்.

"சாப்பிட்டதுக்கு ஆதாரம் இருக்கா?" என்று கேட்டார் வக்கீல் விஜயலட்சுமி.

"பதினோரு வருஷத்துக்கும் இருக்குதுங்க. தேதி, சீலு, கையெழுத்து, எல்லாம்."

"உங்க பேர்லயா?"

"நெடுமாறன் அண்ணன் பேர்லங்க."

வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அவருக்கு ஏதாவது நோய்?"

"குண்டுக்கல்லாட்டம் இருக்காருங்க."

"சாப்பிட்டவருக்கு நோய் வரல, நோய் வந்தவர் சாப்பிடவே இல்லன்னு எதிர்த்தரப்புல சொல்லுவாங்க. மாத்திரையை உங்களுக்குத்தான் குடுத்தேன்னு அவர் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். இல்லன்னா கேஸ் நிக்காது."

கலியன் நேரே குவார்ட்டர்ஸுக்குப் போனார். நெடுமாறன் விஷயத்தைக் கேட்டுவிட்டு எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினார்.

"பொய் சொல்லி மருந்து வாங்கினேன்னு ஆயிடுமே, கலியா. இன்னும் பதினாலு மாசந்தான். ரிட்டயர் ஆயிட்டா நானே கோர்ட்டுல வந்து நின்னு சொல்றேன்."

"டாக்டரு எனக்கு அவ்ளோ நாள் சொல்லலியே, அண்ணே."

நெடுமாறனுக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே போய் ஒரு மாத்திரை அட்டையோடு வந்தார். "இது வேற மருந்து, பயமில்ல. உனக்குன்னுதான் வாங்கியாந்தேன்."

கலியனுக்கு எரிச்சலில் சிரிப்பு வந்தது. "இந்த அட்டையிலயாவது, கலியனுக்குக் குடுத்ததுன்னு ஒரு வரி எழுதுங்கண்ணே."

நெடுமாறன் எழுந்து வீடு முழுக்கப் பேனா தேடினார். அது அவர் சட்டைப்பையில் செருகியிருந்தது. கலியன் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அட்டையை நாற்காலிமேல் வைத்துவிட்டுக் கிளம்பினார்.