திருப்பிச் சொல்லாத வார்த்தை

நீர்மூழ்கிக் கப்பலில் அவருக்கு வட்டம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி.

கப்பலை நடத்தும் அறையில், வரைபட மேசைதான் அவர் இடம். தண்ணீருக்கு அடியில் போய்விட்டால் வானம் தெரியாது, கரை தெரியாது, செயற்கைக்கோள் சொல்வதும் காதில் விழாது. கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடம் ஒன்று இருக்கும். அங்கிருந்து எந்தத் திசையில், என்ன வேகத்தில், எவ்வளவு நேரம் வந்தோம் என்று கணக்குப் போட்டு, இப்போது இங்கே இருக்கிறோம் என்று பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். உதவிக்கு, கப்பலின் நகர்வை உணரும் சுழல் கருவி ஒன்று உண்டு. அதுவும் போகப்போகப் பிசகும். அடிநீரோட்டமோ யாரிடமும் சொல்லிவிட்டுத் தள்ளுவதில்லை. ஆகவே புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார்கள். இதற்குள் எங்கேயோ இருக்கிறோம் என்று அர்த்தம். நேரம் ஆக ஆக வட்டம் பெரிதாகும். மேலே ஏறி, செயற்கைக்கோளைக் கேட்கும் கம்பத்தைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி, இடத்தைச் சரிபார்த்த பிறகுதான் அது சுருங்கும்.

மற்றவர்கள் வட்டத்தைச் சின்னதாகப் போட்டுத் தங்கள் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டிக்கொள்வார்கள். இவர் ஒரு சுற்றுப் பெரிதாகவே போடுவார். "உங்க வட்டத்துக்குள்ள என் மாமியார் வீடே வந்துரும் போலிருக்கே" என்று சமையல்காரர் கேலி செய்ததில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. அவருக்கு வருத்தமில்லை. தெரியாததைத் தெரியாது என்று கோடு போட்டுக் காட்டுவதுதான் வேலை என்று நினைப்பவர் அவர்.

மேசையிலிருந்து கை எட்டும் தூரத்தில் சோனார்காரன் உட்கார்ந்திருப்பான். கடலைக் காதால் பார்க்கிறவன். அவனுக்குப் பெயர் காது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினால், வருவது மீன்பிடிப் படகா சரக்குக் கப்பலா என்று மட்டுமல்ல, அதன் இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டு எத்தனை நாளாயிற்று என்றும் சொல்லிவிடுவான் என்று பேச்சு. அடுப்படியில் மூடி விழுந்தால், எந்தப் பாத்திரத்து மூடி என்பான். இருவருக்கும் ஒரே நேரத்தில் வேலை. மேலும் கீழுமாகப் படுக்கை. குளிக்கத் தண்ணீர் கிடையாது, டீசல் வாடை தலையணை வரை ஏறியிருக்கும். பகலா இரவா என்பது விளக்கின் நிறத்தில்தான் தெரியும். அப்படி ஒட்டிக் கிடந்த இடத்தில் அவன் ஒருநாள்கூட முகம் கோணியதில்லை. வட்டத்துக்கு ஒரே தங்கை. அப்பா போன பிறகு அவர்தான் அவளுக்கு எல்லாம். அலைந்து திரிந்து மாப்பிள்ளை தேடாமல், பக்கத்தில் இருந்தவனுக்கே கட்டிக்கொடுத்தார். இப்போது அவர்களுக்கு ஒரு பிள்ளை.

கப்பலில் ஒரு வழக்கம் உண்டு. யார் எதைச் சொன்னாலும், கேட்டவர் அதை வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆழம் குறை" என்றால் "ஆழம் குறைக்கிறேன்" என்று பதில் வரவேண்டும். திருப்பிச் சொல்லாத வரை சொன்னதாகக் கணக்கில்லை. கரைக்கு வந்தாலும் இந்தப் பழக்கம் போகாது. சாப்பிடும்போது "மாப்ளே, உப்பை இப்படித் தள்ளு" என்பார் வட்டம். "உப்பைத் தள்ளுறேன் மச்சான்" என்பான் காது. தங்கை தலையில் அடித்துக்கொள்வாள். "ரெண்டு கிளியை வளர்க்கிறதுக்குப் பதிலா உங்க ரெண்டு பேருக்கும் சமைச்சுப் போடுறேன்" என்பாள்.

ஒருமுறை நடந்த போர்ப் பயிற்சியின்போது, மேலே சுற்றிக்கொண்டிருந்த சொந்தக் கப்பல்களின் கண்ணில் படாமல் ஒளிந்திருக்க வேண்டும் என்பதுதான் ஆட்டம். கேப்டனுக்கு அதில் ஜெயித்தே ஆகவேண்டும். மின்விசிறிகளைக்கூட நிறுத்தியாயிற்று. பேச்சு கிசுகிசுப்போடு சரி. கீழே ஒலி அனுப்பி ஆழம் பார்க்கவும் தடை. மேலே ஏறி இடம் பார்த்து வெகுநேரமாகிவிட்டது. அவர் போட்ட வட்டம் வளர்ந்து, வரைபடத்திலிருந்த கடலடி மேடு ஒன்றைத் தொட்டது.

அவர் கேப்டனின் தோளருகே குனிந்து, தணிந்த குரலில் சொன்னார்.

"வட்டம் மேட்டைத் தொடுது சார். மேல போய் ஒரு தடவை இடம் பாத்துக்கலாம்."

கேப்டன் திரும்பவில்லை. ஆட்டத்தில் எதிரியாக இருந்த கப்பல்களைக் குறித்திருந்த பலகையிலேயே கண். "ம்" என்றார்.

அந்த "ம்"-ஐ வட்டம் பதிலாக எடுத்துக்கொண்டார். அது திருப்பிச் சொன்னதாகாது என்று புதிதாக வந்தவனுக்கும் தெரியும். அவர் நின்று இன்னொரு முறை கேட்டிருக்க வேண்டும். அத்தனை அமைதியில், அத்தனை பேர் நடுவில், மேலதிகாரியை இரண்டாம் முறை நச்சரிக்கக் கூச்சமாக இருந்தது. மேசைக்குத் திரும்பியபோது, காது ஒரு பக்க ஹெட்போனைத் தூக்கி அவரைப் பார்த்தான். புருவத்தை உயர்த்தி, "இந்த ஆளு கேக்கமாட்டான்" என்பதுபோல உதட்டைப் பிதுக்கினான்.

கொஞ்ச நேரத்தில், அடியில் இரும்புக் கட்டிலை இழுப்பதுபோல ஒரு சத்தம். எல்லோரும் முன்னால் போய் விழுந்தார்கள். சமையல்காரருக்குத் தோள் எலும்பு முறிந்தது. யாரும் சாகவில்லை. கப்பலின் வயிறு கிழிபடாமல் நசுங்கியதோடு தப்பியது.

விசாரணை, மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்த வெள்ளையடித்த அறையில் நடந்தது. தன்னை யாரும் எச்சரிக்கவில்லை என்றார் கேப்டன். வட்டம் நடந்ததைச் சொன்னார். வரைபடத்தை விரித்தார்கள். மேட்டைத் தொட்ட வட்டம் தெளிவாகத் தெரிந்தது. இதுதான் அவருக்கு வினையாயிற்று. ஆபத்து தெரிந்திருக்கிறது, கோடும் போட்டிருக்கிறார், வாயைத் திறந்தாரா என்பதுதான் கேள்வி. சுக்கான் பிடித்தவர்கள் தள்ளி இருந்தார்கள். கிசுகிசுப்பு அவர்களுக்கு எட்டவில்லை, அதை உள்ளபடியே சொன்னார்கள். மீதி இருந்தது காது.

வட்டம் நிம்மதியாகத்தான் உட்கார்ந்திருந்தார். டம்ளரை எடுத்துத் தண்ணீர்கூடக் குடித்தார்.

"ஹெட்போன் போட்டிருந்தேன் சார்" என்றான் காது. "எதுவும் கேக்கலை."

அவரைக் கப்பலிலிருந்து இறக்கினார்கள். இனி கடலுக்குப் போக முடியாது. துறைமுகக் கட்டடத்தின் பின்பக்கம், ஜன்னலைத் திறந்தால் சுவர் தெரியும் அறையில், பழைய வரைபடங்களில் புதுத் திருத்தங்களைக் குறிக்கும் வேலை கொடுத்தார்கள். காதை, கேப்டன் தன்னோடு புதுக் கப்பலுக்கு அழைத்துக்கொண்டார், சோனார் பிரிவுக்குத் தலைவனாக. செய்தியைச் சொன்ன அலுவலக எழுத்தர் வாழ்த்துச் சொல்லிக் கை கொடுத்தார். "உங்க மாப்பிள்ளைக்கு யோகந்தான்" என்றார்.

தங்கைக்கு உள்விவரம் தெரியாது. அண்ணன் ஏதோ எச்சரித்தாராம், வீட்டுக்காரர் காதில் பாவம் அது விழவில்லை, அவ்வளவுதான். கணவன் பதவியேற்பதற்கு முன்னால் அண்ணனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். வரமாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டுமே என்று அவர் போனார்.

மத்தியான வெயில் மேசைவிரிப்பில் விழுந்திருந்தது. காது நிறையப் பேசினான். புதுக் கப்பலில் படுக்கை அகலம் என்றான், குளிக்கத் தண்ணீர் உண்டு என்றான். தங்கை பரிமாறிக்கொண்டிருந்தாள். வட்டம் தட்டைப் பார்த்தபடியே, அன்றைக்குச் சொன்ன அதே தணிந்த குரலில் சொன்னார்.

"வட்டம் மேட்டைத் தொடுது. மேல போய் ஒரு தடவை இடம் பாத்துக்கலாம்."

காதின் கை பாதி வழியில் நின்றது.

தங்கை சிரித்தாள். "என்னங்க, அண்ணன் ஏதோ சொல்றாரு. திருப்பிச் சொல்லாம உக்காந்திருக்கீங்க? காது அடைச்சுப்போச்சா?"

அவன் நிமிரவில்லை. அவள் சிரிப்பு மெல்ல அடங்கியது. அண்ணன் முகத்தைப் பார்த்தாள், கணவன் முகத்தைப் பார்த்தாள். கரண்டியைப் பாத்திரத்துக்குள்ளேயே விட்டாள்.

"அன்னிக்கு அண்ணன் சொன்னது இதுதானா?" என்றாள். "உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றான் காது. பிறகு அவர் பக்கம் திரும்பினான். "கேட்டுச்சு மச்சான். விசாரணைக்கு முன்னாடியே கேப்டன் என்னைக் கூப்பிட்டுப் பேசிட்டாரு. இவளையும் பிள்ளையையும் நினைச்சுத்தான். உங்களுக்கு எப்படியும் சின்ன தண்டனையோட போயிரும்னு நினைச்சேன். தப்புதான். மனசுல வெச்சுக்காதீங்க."

வட்டம் கையைக் கழுவிக்கொண்டு வந்து, துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"ம்" என்றார்.

தங்கை வாசல் வரை கூடவே வந்தாள். கண் கலங்கியிருந்தாலும் அழவில்லை. அண்ணன் செருப்பு மாட்டும் வரை பொறுத்துக் கேட்டாள்.

"ம்-னா என்ன அர்த்தம் அண்ணே? மன்னிச்சிட்டேன்னா?"

"ஒண்ணும் சொல்லலைன்னு அர்த்தம்மா" என்றார் வட்டம். "அவனுக்குத் தெரியும்."