உறுமிக்காரன் கையில் ஒரு டீசண்டான வாட்ச்

மலேசியாவில், கிள்ளானில் உறுமி மேளம் வாசிப்பவன் நான். இனிப்புநீர் உண்டு, இன்சுலின் போடுகிறேன். புஜத்தில் ஒட்டிய சென்சார் சர்க்கரை இறங்குவதைக் கண்டால், மணிக்கட்டில் மெல்ல அதிர்ந்து சொல்லும் வாட்ச் ஒன்று வாங்கினேன்.

“சத்தமே வராது அங்கிள். பக்கத்துல நிக்கிறவங்களுக்குக்கூட தெரியாது. ரொம்ப டீசண்ட்” என்று விற்ற தம்பி பீற்றிக்கொண்டான்.

போன மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு வாசித்துக்கொண்டிருந்தேன். வளைந்த குச்சியால் உறுமித் தோலைத் தேய்த்தால் தோள்வரை அதிரும். அதில் வாட்ச் அதிர்வது எங்கே தெரியும்? வியர்த்துக் கொட்டியது, தாளம் தப்பியது. “தண்ணி போட்டுட்டு வந்துட்டான்” என்று பெண்வீட்டார் ஒருவர் முகம் சுளித்தார். நான் சரிந்த பிறகுதான் கூட வாசித்த சரவணன் ஓடிவந்து சிராப் கலந்த இனிப்புத் தண்ணியைப் புகட்டினான். கண் தெளிந்து பார்த்தால், வாட்ச் இன்னும் நாசூக்காக அதிர்ந்துகொண்டிருக்கிறது!

கடைக்குப் போன் செய்தேன். “டிவைஸ் ஓகேதான் லா அங்கிள், வைப்ரேட் ஆயிருக்கே” என்றான். சாகப்போகிறவனைத் தொந்தரவு செய்யக்கூடாதென்று ஏசி ரூமில் உட்கார்ந்து யோசித்த மகாபுத்திசாலி யாரோ!

இப்போது அந்த சென்சாருக்குக் கைப்பேசியில் லோரி ஹார்ன் மாதிரி அலாரம் வைத்திருக்கிறேன். வாசிக்கும் முன் அதைக் கல்யாண வீட்டுக்காரர் ஒருவரிடம் கொடுத்துச் சொல்கிறேன்: “இது அலறுனா நான் குடிச்சிருக்கேன்னு நினைக்காதீங்க. ஓடிப்போய் சிராப் கொண்டாங்க.”